மாடிச் சுவரின் உள்பொருள்

இராமதாஸ் வேலை செய்யாமல் இருந்தவர் இல்லை. வேலை ஏன் நடக்கவில்லை என்று விளக்குவதையே வேலையாக வைத்திருந்தவர். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்பு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றார். அங்கே மிஷின் நின்றுபோனால் அதை ஓட வைக்க ஒரு மெக்கானிக் இருந்தார். அது ஏன் நின்றது என்று மேனேஜரிடம் போய்ப் பேச இராமதாஸ் இருந்தார். அவர் பேசி முடிக்கும்போது மிஷின் நின்றதுகூட நல்லதற்குத்தான் என்று மேனேஜருக்கே தோன்றிவிடும். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு சோப்பு கம்பெனியில் ஓர் அளவுக்கு மேல் போக முடியாது. ஆன்மிகத்தில் போகலாம்.

ஓய்வு பெற்ற கையோடு முதலியார்பேட்டை வீட்டுக்கு மாடி எடுத்தார். மேலே ஓர் அறை, அதையொட்டி மொட்டை மாடி. கொத்தனார் மண்ணாங்கட்டி அறையைக் கட்டிப் பூசி முடித்து, மாடிக்குக் கைப்பிடிச்சுவர் மட்டும் பாக்கி என்ற இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது அவர் வேறு வேலைக்குப் போயிருந்தார். போய் ஒரு வார்த்தை கூப்பிட்டால் வந்திருப்பார். இராமதாஸ் கூப்பிடவில்லை. சுவருக்கு வாங்கிய செங்கல் மாடியில் அடுக்கியபடியே கிடந்தது. அவர் மனைவி ராஜாம்பாள் மாடிக்கு நட்டநடுவில் கொடி கட்டி, ஓரத்துப் பக்கம் பார்க்காமலேயே துணி காயப் போடக் கற்றுக்கொண்டாள்.

"எப்ப கட்டப் போறீங்க?" என்று அவ்வப்போது கேட்பாள்.

"கட்டலாம்" என்பார்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கடற்கரைக்குப் பின்தெருவில் ஒரு விருந்தினர் விடுதியில் மேற்பார்வை பார்க்கப் போனார். அந்த வருஷம் குளிர்காலத்தில் ஒரு வெள்ளைக்கார மதாம் வந்து தங்கினார். யூத மதத்துக்காரர். வெளிநாட்டுக்காரர்கள் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு விடுதிக் கூடத்தில் கபாலா வகுப்பு நடத்தினார். கபாலா என்றால் யூதர்களின் மறைஞானம். அவர்கள் வேதத்தில் அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளைகள் உண்டாம்: இதைச் செய், அதைச் செய்யாதே என்று. ஒவ்வொரு கட்டளைக்கும் வெளியே ஒரு செயல், உள்ளே ஒரு பொருள். எதையும் தனக்கே வாங்கிக்கொள்ளத் துடிக்கிற மனசைக் கொடுக்கிற மனசாகத் திருப்புவதுதான் எல்லாக் கட்டளைகளுக்கும் உள்ளே இருக்கிற வேலை என்றார் மதாம்.

நாற்காலி போட்டுத் தண்ணீர் வைக்கப் போன இராமதாஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலம் பாதி புரிந்தது. புரிந்த பாதி அவருக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. வெளியே செய்வது உமி, உள்ளே உணர்வது அரிசி என்று அவர் எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் தான் எதையும் முடிக்காமல் விட்டதற்கெல்லாம் இப்படி ஒரு பெரிய காரணம் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

கடைசி நாள் மதாம் முக்கியமாக ஒன்று சொன்னார். செயல் அகல், உள்பொருள் அதில் எரிகிற சுடர். அகலைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுடரை எங்கே வைப்பாய் என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மேலே தொட்டி நிரம்பி வழிந்தது. இராமதாஸ் மோட்டாரை நிறுத்தக் கீழே ஓடியிருந்தார். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் தட்டினார்.

மதாம் ஊருக்குப் போனார். இராமதாஸ் விடுதி வேலையை விட்டார். மீதியை யூடியூபில் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டு, வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, தயிருக்குத் தட்டை நீட்டியபடி சொல்வார்: "கறியையும் பாலையும் சேக்காதன்னு ஒரு கட்டள இருக்கு, தெரியுமா? கண்டிப்பையும் கருணையையும் கொழப்பிக்காதன்னு அர்த்தம். ஜனங்க அத வவுத்து விஷயம்னு நெனச்சிக்கிச்சி."

"தயிரு ஊத்தவா, வாணாமா?" என்பாள் ராஜாம்பாள்.

"ஊத்து."

தாய் தகப்பனை மதிக்கச் சொன்னதற்கு, தகப்பன் ஞானம், தாய் விவேகம் என்று பொருள். அறுவடையில் மறந்த கதிர்க்கட்டை ஏழைக்கு விட்டுவிடச் சொன்னதற்குத் தன்னை மறத்தல் என்று பொருள். வெளியே செய்யும்படியாக அவர் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: சனிக்கிழமை வேலை செய்யக் கூடாது என்பது. அதற்கு மட்டும் அவர் உள்பொருள் தேடவில்லை. சனிக்கிழமை வந்த கேஸ் சிலிண்டரை ராஜாம்பாள் உருட்டிக்கொண்டு போவாள். அவர் காலைத் தூக்கி வழி விடுவார்.

கேட்க ஆள் சேர்ந்தது. இந்த ஊரில் ஆன்மிகத்துக்கு ஆள் சேராமல் போனதாகச் சரித்திரம் இல்லை. முதல் சீடர் ராஜவேல், பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் யாரும் அவர் பேச்சைக் கேட்காததால் வெளியே வந்து இன்னொருவர் பேச்சைக் கேட்டார். அவர் நாலு பேரைக் கூட்டி வந்தார். அந்த நாலு பேர் இன்னும் சிலரை. ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் பாய் விரித்து, ஒரு கரும்பலகையும் வைத்துக் கூட்டம் நடந்தது. ஐயா தரையில் உட்கார்வதா என்று ராஜவேல் ஆள் வைத்து, மாடியில் அடுக்கிக் கிடந்த செங்கல்லை எடுத்துத் திட்டு கட்டி டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தார். இப்படி, சுவராக நின்றிருக்க வேண்டிய செங்கல்மேல் இராமதாஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அப்படி உட்கார்ந்த சில வாரத்தில்தான் அவருக்கு அந்தக் கட்டளை கிடைத்தது. புதிதாக வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிச் சுவர் வைத்தாக வேண்டும். வைக்காமல் ஒருத்தன் விழுந்தால் அந்த இரத்தம் வீட்டுக்காரனைச் சேரும். அறுநூற்றுப் பதின்மூன்றில் இதுவும் ஒன்று. சுவர் இல்லாத மாடியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிற எவனுக்கும் கன்னத்தில் ஓர் அறை விழுந்த மாதிரி இருக்கும். மறுநாளே கொத்தனாரைத் தேடிப் போவான். இராமதாசுக்கோ லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது.

"மனுசன் மேல ஏற ஏற அவனத் தள்ளிவிடறது எது?" என்று அந்த ஞாயிறு கேட்டார். "நான்கிற நெனப்பு. அதுக்குக் குறுக்க எழுப்புற சுவருதான் இந்தச் சுவரு. செங்கல்ல அடுக்கச் சொல்றதுக்கா கடவுள் கட்டள போடுவாரு? அதுக்குக் கொத்தனாரு போதுமே."

ராஜவேல் சுற்றிலும் பார்த்தார். ஓரத்தில் ஒன்றும் இல்லாமல் ஆகாசம் ஆரம்பிக்கிற அந்த மாடியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இப்பத்தான் வெளங்குது. ஐயா வேணும்னேதான் சுவரு வைக்கல."

இல்லை, மழை வந்துவிட்டது, கொத்தனார் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. இராமதாஸ் கண்ணை மூடிப் புன்னகை செய்தார்.

அதிலிருந்து அது சுவர் இல்லாத மாடி என்றே பேர் வாங்கிவிட்டது. ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற லாஸ்பேட்டையிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஓரத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் ஒருவர் கண்ணை மூடி உட்காருகிறாரோ அவ்வளவுக்கு அவருடைய உள்சுவர் எழும்பியிருக்கிறது என்று ஒரு கணக்கும் ஏற்பட்டது. அதை யார் கிளப்பிவிட்டது என்று தெரியாது; இராமதாஸ் மறுக்கவில்லை. அவர் உட்கார்ந்த திட்டு மட்டும் அறைச்சுவரை ஒட்டி, ஓரத்திலிருந்து நல்ல தூரத்தில் இருந்தது. எதிர்வீட்டு உசேன் பாய் கிரில் பட்டறை வைத்திருப்பவர். அவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு நாள் கேட்டார்: "சார், சுத்தி பைப்பாவது ஓட்டித் தரட்டா? பாக்கவே முடியல." இராமதாஸ் இரக்கத்தோடு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மகள் துர்காவிடமிருந்து போன் வந்தது. சேலத்தில் நர்சாக இருந்தவள். புருஷன் துபாயில். நம்ம ஊர்க் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் அப்பா வீட்டிலேயே இருக்கலாம், டூட்டிக்குப் போகும்போது குழந்தையை அம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். குழந்தை செம்மல், நடையை விட்டு ஓட ஆரம்பித்திருந்த வயசு.

"அந்தச் சுவரு கட்டியாச்சாப்பா?"

"சுவருன்னா என்னான்னு மொதல்ல நாம..."

"செங்கல்லு, சிமெண்ட்டு, மணலு. அதான் சுவரு. மாடியிலேர்ந்து விழுந்த புள்ளைங்கள வாரத்துக்கு ஒண்ணாவது தூக்கியாந்து போடறாங்க எங்க வார்டுல. நீ கட்டுனா நான் வரேன். கட்டலன்னா கோரிமேட்டுலயே வீடு பாத்துக்குறேன். அம்மாவ மட்டும் அனுப்பி வை."

இராமதாசைப் பற்றி என்ன சொன்னாலும் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: பேரன் என்றால் அவருக்கு உயிர். வீடியோ காலில் அது 'தாத்தா' என்று ஒரு தரம் சொன்னதற்குத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். பேரன் இந்த வீட்டில் வளர்வானா, அடுத்தவர் வீட்டு வாடகைக் கூரைக்குக் கீழ் வளர்வானா என்பது ஒரு சுவரில் இருந்தது. இந்த முறை அவர் விளக்கம் ஏதும் சொல்லாமல் மண்ணாங்கட்டிக்குப் போன் போட்டார். செங்கல் வந்து வாசலில் இறங்கியது. ராஜாம்பாள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிறு. வந்தவர்கள் எல்லோரும் அந்தச் செங்கல்லைச் சுற்றிக்கொண்டு படியேறினார்கள். கூட்டம் ஆரம்பிக்கிற நேரம் ராஜவேல் கேட்டார்: "ஐயா, கீழ செங்கல்லு எறங்கியிருக்கே. எதுக்கு?"

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். என் பேரன் வரான், மாடிக்குச் சுவர் கட்டப் போகிறேன் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அந்தப் பார்வையெல்லாம் போய்விடும். சோப்பு கம்பெனியில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் கேட்கவே வேண்டாம்.

"உசேன் பாயிது. தப்பா எங்க வாசல்ல எறக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? மறுநாள் காலையில் மண்ணாங்கட்டி வந்தபோது அந்தச் செங்கல்லையெல்லாம் எதிர்வீட்டு வாசலுக்கு மாற்றச் சொன்னார். "நான் கேக்கவே இல்லியே சார்" என்று உசேன் பாய் ஓடி வந்தார். "வச்சிக்குங்க பாய்" என்றார் இராமதாஸ். ராஜாம்பாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அன்றைக்கே மாடிப் படிக்கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தாள். துர்கா போன் செய்தபோது அவர், "எல்லாம் ஏற்பாடாயிடும், நீ கெளம்பி வா" என்றார். ஏற்பாடாகிவிடும் என்று அவர் நம்பினார் என்பதுதான் இதில் வேடிக்கை.

துர்கா வந்து இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் சுவரைப் பற்றித்தான் கேட்டாள். ராஜாம்பாள் படிக்கதவில் தொங்கிய பூட்டைக் காட்டினாள். "நான் பூட்டி வச்சிருக்கேன். நாளைக்கி மண்ணாங்கட்டி வரான், நானே சொல்லிட்டேன். ஒரு ராத்திரி பொறுத்துக்கம்மா." பஸ்ஸில் வந்த களைப்பு. துர்கா சரி என்றாள். செம்மல் தாத்தாவிடம் தாவினான். சைக்கிளைக் கண்டதும் இறங்கவே மாட்டேன் என்றான். கூடத்துக்கும் அடுப்படிக்குமாக அவனைத் தள்ளிக்கொண்டு அலைந்த இராமதாஸ் அன்றைக்கு மதியம் உள்பொருள் ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் கூட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள். அவர் சாவி கேட்டார்.

"இன்னிக்கி ஒரு நாளு கீழ கூடத்துல ஒக்காந்து பேசுங்களேன்" என்றாள் ராஜாம்பாள்.

"புதுசா ஆளுங்க வந்திருக்காங்க. அந்த மாடியப் பாக்கத்தான் வந்திருக்காங்க. கதவ நான் சாத்தி வச்சிக்குறேன்."

சாவியை வாங்கிக்கொண்டு போய்ச் சாத்தித்தான் வைத்தார். கடைசியாக வந்தவர் திறந்துபோட்டுவிட்டு வந்தார். துர்கா குளிக்கப் போயிருந்தாள். குழந்தை கட்டிலில் தூங்குகிறான் என்று ராஜாம்பாள் அடுப்படியில் கூட்டத்துக்குப் போண்டா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் இராமதாசைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அவர் மட்டும்தான் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதனால் அவர் மட்டும்தான் பார்த்தார். "உள்ள சுவரு எழும்பினவனுக்கு..." என்று கையைத் தூக்கியபோது, எல்லோர் முதுகுக்கும் பின்னால், மாடியின் கடைசி ஓரத்தில், ஒரு காக்காயைத் துரத்திக்கொண்டு செம்மல் ஓடுகிறான்.

எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. ராஜவேலின் தொடையை மிதித்தார், யாருடைய தலையிலோ முழங்கால் இடித்தது, கரும்பலகை சாய்ந்து விழுந்தது. காக்காய் பறந்தது. அதன் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போன குழந்தையின் சட்டைக் காலர் அவர் விரலில் சிக்கியது. இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தரையில் விழுந்தார். அந்த நேரத்தில் அவருக்குள் சுவரும் இல்லை, உள்பொருளும் இல்லை, அறுநூற்றுப் பதின்மூன்றில் ஒன்றுகூட இல்லை. புள்ளை, புள்ளை என்பது மட்டும் இருந்தது. தன் வாழ்நாளில் இராமதாஸ் தொடங்கி முழுசாக முடித்த வேலை அது ஒன்றுதான். அதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதையை மரியாதையோடு முடித்திருக்கலாம்.

செம்மல் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். லாஸ்பேட்டையிலிருந்து புதிதாக வந்த ஒருவர், உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்டார்: "ஐயா, சுவரு உள்ளதான் இருக்குன்னா, ஏன் ஓடுனீங்க?"

இராமதாசுக்குக் குழந்தையின் நெஞ்சு தன் நெஞ்சில் அடித்துக்கொள்வது கேட்டது. பயந்துட்டேன் என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. பிறகு அவர் அந்த முகங்களைப் பார்த்தார். எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பழக்கம் சும்மா விடுமா?

"ஓடினது நான் இல்ல" என்றார். குரல் முதலில் நடுங்கி, போகப் போகச் சரியாகிவிட்டது. "எனக்குன்னு ஒண்ணும் வச்சிக்காம குடுக்குற மனசு, அது ஓடிச்சி. கட்டள உயிரோட எழுந்திரிச்சி ஓடுனத நீங்க கண்ணால பாத்தீங்க. இதுதான் நான் சொன்ன சுவரு. யோசிச்சிப் பாருங்க. இங்க ஒரு செங்கல் சுவரு இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

ஒருவர் விம்மினார். ராஜவேல் தொடையைத் தடவிக்கொண்டே கைகூப்பினார். கைதட்டல் எழுந்தது.

படிக்கதவில் துர்கா நின்றிருந்தாள். தலையில் ஈரத் துண்டு. கடைசியில் சொன்னதை முழுசாகக் கேட்டிருந்தாள். பாய்களுக்கு நடுவில் நடந்து வந்து கையை நீட்டினாள்.

"குடு" என்றாள்.

கொடுத்தார். அவள் இறங்கிப் போனாள். இராமதாஸ் கரும்பலகையை நிமிர்த்தி வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அன்றைக்குப் போல அவர் என்றைக்கும் பேசியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பேசிக் களைத்து, எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கீழே வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. துர்காவின் பைகள் இல்லை. ராஜாம்பாளின் நாலு புடவையும் இல்லை. போண்டா மாவு கரைத்தபடி அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் ராஜாம்பாள் சொல்லி வைத்திருந்த மண்ணாங்கட்டி வந்து நின்றார். இராமதாஸ் படிக்கதவைத் திறந்துவிட்டார். உசேன் பாய் செங்கல்லைத் தானே ஆள் விட்டுத் திருப்பி அனுப்பினார். சுவர் நெஞ்சு உயரத்துக்கு எழும்பியது. அடுத்த ஞாயிறு கூட்டம் வந்து அதைப் பார்த்து முகம் கோணியது. உள்ளே எவ்வளவு இருந்தாலும் வெளியேயும் ஒன்று வேண்டும்போல் இருக்கிறது என்று இராமதாஸ் சொல்லிப் பார்த்தார். அவர் மோட்டாரை நிறுத்தப் போன நேரத்தில் மதாம் சொன்னது இதுதான் என்று அவருக்குத் தெரியாது. யாரும் அதைக் கேட்கிற நிலையிலும் இல்லை. "ஐயாவுக்குப் பயம் வந்துடுச்சி" என்று படியிறங்கும்போது ராஜவேல் சொன்னார். இப்போது கூட்டம் அவர் வீட்டு மாடியில் நடக்கிறது. அங்கே இருக்கிற சுவரை இடிக்க ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

துர்கா கோரிமேட்டில் வீடு பிடித்துவிட்டாள். அவள் போனை எடுப்பதில்லை. பல நாள் கழித்து ராஜாம்பாள் எடுத்தாள்.

"சுவரு கட்டியாச்சி" என்றார் இராமதாஸ். "நெஞ்சு ஒசரத்துக்கு. பூச்சும் ஆயிடுச்சி. வந்து பாரு."

"சரி."

"எப்ப வரீங்க?"

ராஜாம்பாளுக்குப் பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது.

"செம்மலு நேத்து கேட்டான், தாத்தா எங்கன்னு."

இராமதாஸ் எழுந்து நின்றுவிட்டார். "என்னா சொன்ன?"

"ஒன் மனசுக்குள்ளயே இருக்காருடா, வெளிய தேடாதன்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. சரின்னுட்டு வெளையாடப் போயிட்டான்."